நான் வாங்காத மோட்டார் சைக்கிள்

படித்தவனை ஏமாற்றுவது மிக எளிது. பாதி வேலையை அவனே செய்து கொடுத்துவிடுவான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. எழுபத்து நான்கு வயதில், பெருநகர் என்று பெயர் மட்டும் பெரிதாக உள்ள எங்கள் கிராமத்தில், என் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து, சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். சொந்தச் செலவு என்று எழுதிவிட்டேன். அதுவும் பொய். அன்று போன பணத்தில் பெரும்பகுதி எஸ்தருடையது.

எஸ்தர் எங்கள் கழனியில் நாற்று நடவும் களை எடுக்கவும் வருபவள். நான் தலைமை ஆசிரியராக இருந்த பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். அவள் பெண் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பெண்ணின் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக அறுபதாயிரம் ரூபாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து என்னிடம் கொடுத்து வைத்திருந்தாள். அவள் கணக்கில் போட்டால், போட்ட அன்றே குழுக்கடன் தவணைக்கு உருவிக்கொள்கிறார்களாம்.

"உங்க கணக்குல கெடந்தா எவனும் தொட மாட்டான் சார்" என்றாள். நானும் மீசையைத் தடவிக்கொண்டே வாங்கிப் போட்டேன். (அந்த மீசை இப்போது இல்லை. நடந்ததற்குப் பிறகு அது என் முகத்துக்குப் பொருந்தவில்லை.)

தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை பத்தேகாலுக்குத் தொலைபேசி அழைத்தது.

"ஐயா, வணக்கம். ஓய்வூதியப் பிரிவிலிருந்து பேசுகிறேன். தங்களுடைய வாழ்நாள் சான்று பதிவாகவில்லை. எங்கள் பதிவேட்டின்படி தாங்கள் இறந்துவிட்டீர்கள்."

"நான்தானே அப்பா பேசிக்கொண்டிருக்கிறேன்?"

"அது எனக்குத் தெரிகிறது ஐயா. கணினிக்குத் தெரியவில்லை."

என்ன நயமான பதில்! முப்பது வருடம் பாடம் நடத்தியும் 'தங்கள்', 'தாங்கள்' என்று ஒரு மாணவன்கூட என்னிடம் பேசியதில்லை. அந்த இரண்டு சொற்களுக்காகவே அவனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்திருப்பேன். ஏறக்குறைய அதைத்தான் செய்தேன். வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பியதை அழுத்தினேன். அது அனுமதி கேட்ட இடத்திலெல்லாம் அனுமதி கொடுத்தேன். (பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு அரைநாள் விடுப்பு அனுமதிக்க மூன்று நாள் யோசித்தவன் நான்.) நான் உயிரோடு இருப்பதை உறுதி செய்ய ஆறு இலக்க எண் ஒன்று வரும், அதைச் சொல்லுங்கள் என்றான். வகுப்பில் சொல்வதெழுதுதல் நடத்துவது போல ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னேன்.

"எழுதிக்கொண்டாயா? எங்கே, திருப்பிச் சொல்."

பிழையில்லாமல் திருப்பிச் சொன்னான். "சபாஷ்" என்றேன். (இந்த சபாஷ் எஸ்தருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.)

பத்து முப்பத்தைந்துக்கு ஒரு குறுஞ்செய்தி: நாற்பதாயிரம் போயிற்று. பத்து முப்பத்தேழுக்கு இன்னொன்று: அறுபத்திரண்டாயிரம். கணக்கில் மிச்சம் முந்நூற்றுச் சொச்சம். எஸ்தரின் பணமும் என் பணமும், நெல் விற்று வந்ததும், எல்லாம் இரண்டே நிமிடத்தில் போய்விட்டன. பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது வியப்பு. எங்கள் ஊரிலிருந்து காஞ்சிபுரம் போகவே ஒரு பேருந்துக்கு எவ்வளவு நேரம் ஆகிறது!

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரையே. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, இடப்பக்கம் ஓரம் விட்டு மடித்து, 'அனுப்புநர்' என்று எழுதினேன்.

சுற்றுவட்டாரத்தில் மனு என்றால் என்னிடம்தான் வருவார்கள். என் மனுவுக்குப் பட்டா மாறியிருக்கிறது, தெருவிளக்கு எரிந்திருக்கிறது. ஆபத்து வந்தால் மனு எழுத வேண்டும் என்பது என் கையில் ஊறிப்போன பழக்கம். மனுவில் நேரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்வேன். ஆகவே எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்தேன். முதலில் வரைவு, பிறகு நல்ல பிரதி. பத்தரைக்கே ராகுகாலம் தொடங்கிவிட்டதால், கையெழுத்தை மட்டும் பன்னிரண்டுக்கு மேல் போடுவதாகத் திட்டம்.

"இன்னாங்க, பேனாவும் கையுமா உக்காந்துட்டீங்க?" என்று கேட்டபடி என் மனைவி சரோஜா மோர் கொண்டுவந்து வைத்தாள். "ஒரு மனு" என்றேன். யாருடைய மனு என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மோரைக் குடித்தேன்.

பதினொன்று பத்துக்கு எஸ்தர் வந்தாள். கழனியிலிருந்து நேராக வந்ததால் முழங்கால் வரை சேறு.

"அந்தண்ட மடையில தண்ணி நிக்கில சார்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இன்னா சார், மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொள்வாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எத்தினி மணிக்குப் போச்சி?"

"பத்து முப்பத்தைந்து."

"இவ்ளோ நேரம் இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

"மனு எழுதிக்கொண்டிருந்தேன். ராகுகாலம் முடிந்ததும் கையெழுத்துப் போட்டு..."

"அவன் ராவுகாலம் பாத்தா சார் எடுத்தான்?"

இடுப்பிலிருந்து போனை உருவி நாலே நாலு எண்ணை அழுத்தினாள். எந்த எண் என்று கேட்டேன். "இந்த மாதிரி காசு போனா கூப்புடற நம்பரு. ரேசன் கட செவுத்துல ஒட்டிக்கீது. கியூவுல நிக்கசொல்ல வேற இன்னாத்த படிக்கிறது?" என்றாள். தினம் இரண்டு நாளிதழ்களை விளம்பரம் உட்படப் படிப்பவன் நான். ரேஷன் கடைக்கு மட்டும் போனதில்லை.

"எம்மா, காசு பூட்ச்சிம்மா. ரெண்டு தபா எட்த்துகீறான். பெரியவரு நம்பர சொல்லிட்டாரு. இரும்மா... சார், அந்த மெசேஜைப் படிங்க. சீக்கிரம்!"

படித்தேன். அன்று நான் நடத்திய இரண்டாவது சொல்வதெழுதுதல் அது. நான்கு நிமிடத்தில் புகார் எண் வந்துவிட்டது. என் மனுவில் 'பொருள்' என்ற வரிக்கே அதைவிட அதிக நேரம் ஆகியிருந்தது.

அடுத்து நடந்தது எனக்கு இன்றும் விளங்காத அற்புதம். நாற்பதாயிரத்தை அதற்குள் எங்கோ ஓர் இயந்திரத்தில் ரொக்கமாக எடுத்துவிட்டார்கள். அறுபத்திரண்டாயிரம் மட்டும், முன்பின் தெரியாத ஒருவனின் கணக்கில், அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நின்றுவிட்டது. நாலு ஊர் தாண்டி ஓடும் காளையின் கயிற்றை, சேற்றுக் காலோடு என் கூடத்தில் நின்றபடியே ஒருத்தி பிடித்து இழுத்துவிட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருந்தா முழுசும் நின்னிருக்கும் சார்" என்று வங்கியில் ஓர் இளைஞர் பின்னால் தன்மையாகச் சொன்னார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எஸ்தரின் பணத்தை என் ஓய்வூதியத்திலிருந்து மாதாமாதம் தருவதாகச் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்க காசு எனக்கு வேணாம் சார். என் காசுதான் வேணும். நீங்க குட்த்துட்டா அவன் நிம்மதியா பூடுவான்." கட்டணம் கட்ட வைகாசி வரை நேரமிருந்தது.

நின்ற பணம் தானாகத் திரும்பி வராது. நீதிமன்ற உத்தரவு வேண்டும். உத்திரமேரூர் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தோம். நான் அன்று எழுதிய மனுவையும் (கையெழுத்து பன்னிரண்டு ஐந்துக்கு) பெருமையோடு இணைத்திருந்தேன். சித்திரையில் விசாரணை. பணம் நின்ற கணக்கின் சொந்தக்காரன் ஒரு வழக்கறிஞரை அனுப்பியிருந்தான்.

"பணத்தை மனுதாரரே விரும்பி அனுப்பினார், அம்மா. எண்ணையும் அவரே சொல்லியிருக்கிறார். என் கட்சிக்காரரின் பழைய மோட்டார் சைக்கிளை இவர் வாங்கினார். அதன் விலைதான் அறுபத்திரண்டாயிரம்" என்றார் வழக்கறிஞர், பெண் நீதிபதியைப் பார்த்து.

நான் ஒரு நீண்ட மறுப்புக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து எஸ்தரின் குரல் கேட்டது.

"ஐயோ, அம்மா! அவருக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதும்மா!"

அதட்டுவார் என்று பார்த்தால், நீதிபதி அவளை முன்னால் வரச் சொன்னார்.

"எப்படித் தெரியும்?"

"நான் அவருகிட்ட படிச்சவம்மா. தெனமும் சைக்கிள தள்ளிக்கினேதான் இஸ்கூலுக்கு வருவாரு, தள்ளிக்கினேதான் வூட்டுக்குப் போவாரு. கேட்டா, நடந்தா ஒடம்புக்கு நல்லதும்பாரு. ஊருக்கே தெரியும்மா."

ஊருக்கே தெரியும் என்பது எனக்குத் தெரியாது. முப்பது வருடம் கட்டிக் காத்த ரகசியம் அது.

"உண்மையா சார்?" என்றார் நீதிபதி. என் பேத்தி வயதுதான் இருக்கும்.

"உண்மைதான் அம்மா. சைக்கிள்... ஒரு கௌரவத்துக்காக."

கடைசி வரிசை வரை சிரிப்பு. அது அடங்கியதும் நீதிபதி என் மனுவைக் கையில் எடுத்து, நிதானமாக, வாய்விட்டுப் படித்தார். "பத்து நாற்பது, வரைவு தொடக்கம். பத்து ஐம்பத்திரண்டு, மோர் அருந்தினேன். பத்து ஐம்பத்தெட்டு, 'கனம் பொருந்திய' என்பதை 'மாண்புமிகு' என்று திருத்தினேன்." பிறகு வழக்கறிஞரைப் பார்த்தார். "இந்த மனுவில் தன்னைப் பெருமையாகக் காட்டும் வரி ஒன்றுகூட இல்லை. அதனால் நம்புகிறேன். வண்டியின் பதிவுப் புத்தகம் எங்கே?"

ஒரு வாரம் அவகாசம் கேட்டார்கள். புத்தகம் வரவில்லை. மறுவாரம் பணத்தைத் திருப்பித்தர உத்தரவாயிற்று. நான் செய்த அசட்டுத்தனத்தை மணிக்கணக்கோடு எழுதி வைத்ததே எனக்குச் சாட்சியாக நின்றது. மனு எழுதிய காலமெல்லாம் எனக்குக் கிடைக்காத பாராட்டு அது. அதை வாங்கிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

கட்டணத்தின் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பு பணம் வந்தது. திரும்பி வந்தது எஸ்தருடையது, தொலைந்தது என்னுடையது என்று எனக்குள் அப்போதே தீர்த்து வைத்திருந்தேன். முழுவதையும் அவள் கையில் கொடுத்து, "என்னை மன்னித்துவிடு எஸ்தர்" என்றேன். நோட்டுகளை எண்ணினாள். அறுபதை முந்தானையில் முடிந்துகொண்டு மீதி இரண்டாயிரத்தை நீட்டினாள்.

"இது உங்குளுது சார். பெட்ரோல் போட்டுக்கங்க."

அன்று தொடங்கியது இன்னும் ஓயவில்லை. எஸ்தரின் பெண் விடுமுறையில் வந்து எனக்கு ரத்த அழுத்தம் பார்க்கும்போது, "வேகமா ஓட்டாதீங்க சார், ஏறிக்கீது" என்கிறாள். ரேஷன் கடைக்கு இப்போது நான்தான் போகிறேன். வரிசையில் நின்றால், "சார், வண்டிய எங்க நிறுத்திகீறீங்க?" என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை.

சென்ற வாரம் மறுபடியும் ஒரு குரல், "ஐயா, வணக்கம். தங்களுடைய..." என்று ஆரம்பித்தது. "அவர் இறந்துவிட்டார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாருங்க போன்ல?" என்றாள் சரோஜா, சமையலறையிலிருந்து.

"யாரோ. ஏமாற்றுக்காரன்."

"வச்சிட்டீங்களா? நம்ப வண்டிய இன்னா வெலைக்கு எடுப்பான்னு கேட்டுட்டு வச்சிருக்கலாமே!"