யானைக்கு எத்தனை வழி

ராயபுரம்,
ஏப்ரல் 1942

மதிப்பிற்குரிய மச்சான் தாவூது அவர்களுக்கு, சௌக்கத் அலி ஸலாம் கூறி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் நான் நலம். தங்கள் தங்கை அஜீசாவும் பிள்ளைகளும் வாணியம்பாடியில் தங்கள் ஆதரவில் நலமென்று நம்புகிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான பிறகும் நான் ஏன் வரவில்லை என்று கேட்டு மூன்று கார்டு போட்டுவிட்டீர்கள். காரணம் சொன்னால் அடிக்க வருவீர்கள். ஒரு சதுரங்கக் கணக்குதான் காரணம்.

பக்கத்து வீட்டு ஜேக்கப்பைத் தாங்கள் அறிவீர்கள். துறைமுகத்தில் பிட்டராக இருந்தவர், மனைவி இல்லை. ஒரே மகன் இன்னாசி ரங்கூனில் மர மில் வேலை. ரங்கூன் விழுந்ததிலிருந்து தகவல் இல்லை. "புள்ள நடந்து வந்துகினு இருப்பான் பாய். பூட்டின வூட்டப் பார்த்தா இன்னா நெனைப்பான்?" என்று அவர் கிளம்ப மறுத்துவிட்டார். சோறு தண்ணீர் இல்லாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கவனத்தைத் திருப்ப, பழைய வாரப் பத்திரிகையில் வந்த கணக்கொன்றை நான்தான் நீட்டினேன். பலகையின் கீழ் இடது மூலையில் யானை. ஒரு தடவைக்கு ஒரே கட்டம், வலப்புறமோ மேலேயோ மட்டும் நகரலாம். மேல் வலது மூலைக்குப் போக எத்தனை வழி?

அன்றைக்குப் பிடித்தது சனியன். தரையில் கரியால் கட்டம் போட்டு, தீப்பெட்டியை யானையாக்கி, வழிக்கொரு கோடாகச் சுவரில் கிழித்தோம், அவர் வீட்டுச் சுவர் தீர்ந்ததும் நம் வீட்டுச் சுவருக்கு வந்தோம் (அஜீசாவிடம் சொல்ல வேண்டாம்), ஆயிரம் தாண்டும்போது அபாயச் சங்கு ஊதியது, மேஜைக்கடியில் பாய்ந்தோம், வெளியே வந்தால் எங்கே விட்டோம் என்று இருவருக்கும் தெரியவில்லை, "போன வழியிலயே மறுக்கா போய்கினு கீற பாய்!" என்று அவர் கத்த, பதிலுக்கு நான் கத்த, சத்தம் கேட்டு வந்த குண்டுவீச்சுக் காவல் வார்டன், "ஊரே உசுருக்கு ஓடுது, நீங்க இன்னாய்யா பண்றீங்க?" என்று அதட்டினார். கணக்கைச் சொன்னோம். தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

நேற்று ஜேக்கப்புக்கு விளங்கியது. எந்தக் கட்டத்துக்கும் இடப்பக்கமிருந்தோ கீழிருந்தோதான் வர முடியும். அந்த இரண்டு கட்டத்துக்கும் உள்ள வழிகளைக் கூட்டினால் போதும். கூட்டிக்கொண்டே போனோம். கடைசி மூலையில் மூவாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு! மனுஷன் சிரித்தார் மச்சான். கஞ்சியும் குடித்தார். "சர்தான் பாய், நானும் உன்கூட வர்றேன். வார்டனாண்ட சாவி குடுத்துட்டு, புள்ள வந்தா சொல்லச் சொல்லலாம்" என்றார். ஆகவே நாளை ரயிலில் இருவரும் வருகிறோம்.

அஜீசாவுக்கு என் ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். தங்கள் குடும்பத்துக்கு அல்லாஹ் குறைவில்லாத சுகத்தைத் தருவானாக.

தங்கள் அன்புள்ள,
சௌக்கத் அலி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ஒருவர் ஜேக்கப்பைத் தேடி அவர் வீட்டு வாசலுக்கு வந்தார், நான்தான் எதிர்கொண்டேன். இன்னாசியோடு மில்லில் வேலை பார்த்தவர், பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். மலைப்பாதையில் காலரா. இன்னாசியைத் தன் கையாலேயே புதைத்தாராம். உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜேக்கப், "யார் பாய் அது?" என்றார். கணக்கில் தப்பு இருக்கிறது, இன்னொரு முறை கூட்ட வேண்டும் என்றேன். "அப்பிடியா?" என்று மூட்டையை வைத்துவிட்டுக் கரித்துண்டை எடுத்துக்கொண்டார். வந்தவரை என் வீட்டில் உட்கார வைத்திருக்கிறேன். நாளை நாங்கள் வரமாட்டோம் மச்சான். இதைத் தபாலில் போட்டுவிட்டு, போய்ச் சொல்ல வேண்டும்.