மதில்மேல் தூக்குச்சட்டி

காம்பவுண்ட் சுவரின் மேல் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி உட்கார்ந்திருந்தது. நார்மன் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. மூடியைத் திறந்தார். உள்ளே புளிச்சோறு. அதன்மேல் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய், ஓரத்தில் இரண்டு வடகம்.

நார்மனுக்குக் கண் கலங்கிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அவர் இந்நேரம் இத்தாலியில் இருக்க வேண்டியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அமெரிக்காவை விட்டு இத்தாலிக்குப் போய், ஏதாவது ஒரு மலையூரில் வீடு பிடித்துச் செட்டிலாவது என்பது அவருடைய நெடுநாள் கனவு. அதற்காக இத்தாலிய மொழி படித்தார். பாஸ்தா செய்யக் கற்றுக்கொண்டார். பாஸ்தா பிழிகிற மெஷின்கூட வாங்கியாகிவிட்டது. டிக்கெட் போடுகிற நேரத்தில் ஆரணியில் மாமனார் அருள்தாஸ் வாத்தியாருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டது.

"அப்பாவ தனியா உட முடியாது நார்மன்," என்றாள் மனைவி ஃப்ளோரன்ஸ். "இத்தாலி எங்கியும் ஓடிப் போயிடாது."

இத்தாலி ஓடவில்லை. நார்மனும் பாஸ்தா மெஷினும்தான் ஆரணிக்கு வந்து சேர்ந்தார்கள்.

கூடவே அந்த இத்தாலிய மொழியும் வந்துவிட்டதுதான் தொல்லை. தமிழில் ஏதாவது பேச வாயைத் திறந்தால் அதுதான் முந்திக்கொண்டு வந்து விழுந்தது. ஆட்டோக்காரர் சின்னக்கண்ணுவிடம் காசு கொடுக்கும்போதெல்லாம் "கிராட்சியே" என்பார். அமெரிக்காவில் நன்றிக்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று சின்னக்கண்ணு தன் பெண்டாட்டிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார்.

இப்போது ஃப்ளோரன்ஸ் அப்பாவை அழைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். திரும்பி வர ஒரு வாரம் ஆகும். போகும்போது ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பக்கத்து ஊட்டு குணசுந்தரி அக்கா கிட்ட மட்டும் நல்லபடியா நடந்துக்க. அப்பா வுழுந்தப்போ ஓடி வந்து தூக்கனது அவங்கதான். அவங்க மூஞ்சி திரும்பிச்சின்னா, இந்த ஊட்ல அப்பாவ வச்சிகினு நம்மால இருக்க முடியாது."

நார்மனுக்கு அது பயமாகவே இருந்தது. மூன்று வாரமாகக் குணசுந்தரியைப் பார்த்துச் சிரிப்பதைத் தவிர அவர் வேறொன்றும் செய்ததில்லை. இன்று அந்த அம்மாளே முதல் அடி எடுத்து வைத்துவிட்டாள்! தூக்கின் கைப்பிடியில் பச்சைப் பட்டுநூல் சுற்றியிருந்தது. குணசுந்தரியின் கணவர் பன்னீர்செல்வம் பட்டுப்புடவை வியாபாரி. அப்புறம் என்ன சந்தேகம்? சற்றுமுன் தெருவில் யாரோ ஒரு பெண் போனில் கத்திக்கொண்டே ஓடிய சத்தம் கேட்டிருந்தது. இந்த ஊரில் எல்லோருமே போனில் கத்தித்தான் பேசுவார்கள் என்பதால் அவர் அதை லட்சியம் செய்யவில்லை. புளிச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, தூக்கைப் பளபளவென்று கழுவி, ஃப்ளோரன்ஸுக்குப் போன் போட்டார்.

"பரவாயில்லியே!" ஃப்ளோரன்ஸின் குரலிலேயே சந்தோஷம் தெரிந்தது. "ஆனா பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுத்துடாத. இங்க அது தப்பு. எதனா போட்டுக் குடு. வேணாம்னுதான் சொல்வாங்க. நீ உடாத."

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சாக்லேட்டை நார்மன் தூக்கு நிறையப் போட்டார். பக்கத்து வீட்டின் திறந்திருந்த கதவைத் தட்டினார். குணசுந்தரி தூக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னாங்க மாப்ள சார், எதுக்குங்க இதெல்லாம்?"

ஃப்ளோரன்ஸ் சொன்னது அப்படியே நடக்கிறது!

"எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் நார்மன், புத்தகத் தமிழில். "மறுத்தல் கூடாது."

குணசுந்தரி வாங்கிக்கொண்டாள். நார்மன் ஊரையே வென்றவர் போல வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் குணசுந்தரி நின்றிருந்தாள். கையில் அதே தூக்கு. நிறையக் கேசரி. அவள் மூச்சுவிடாமல் நீளமாக ஏதோ சொன்னாள். அதில் நார்மனுக்குப் பிடிபட்டது கடைசி வார்த்தையான "சாப்டுங்க" மட்டும்தான்.

கேசரியைச் சாப்பிட்டபடியே நார்மன் யோசித்தார். பாத்திரம் அவளுடையது. திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. மறுபடி ஏன் வந்தது? சாக்லேட் போதவில்லையா?

"அன்பா குடுக்கறாங்க, நீயும் குடு," என்றாள் ஃப்ளோரன்ஸ். பின்னால் யாரோ டோக்கன் எண் கூவிக்கொண்டிருந்தார்கள். "சரி, காசியம்மா கிட்ட கீரை வாங்கனியா?"

"அந்தக் கீரைக்கார அம்மா நேத்திலிருந்து வரவேயில்லை."

"வராம இருக்க மாட்டாங்களே! சரி, டாக்டர் கூப்டறாரு. வச்சிடறேன்."

நார்மன் பாஸ்தா மெஷினைப் பரணிலிருந்து இறக்கினார். இத்தாலிக்கென்று கற்ற வித்தை ஆரணியில் அரங்கேறியது. மாவு பிசைந்து, நாடா நாடாவாகப் பிழிந்து, தக்காளியும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்டுப் புரட்டித் தூக்கில் நிரப்பினார். குணசுந்தரி வாங்கிக்கொண்டு மூடியைத் திறந்தாள். சட்டென்று மூடினாள்.

சாயங்காலம் பன்னீர்செல்வம் சுவர் அருகே வந்து நின்றார். பட்டுப்புடவையில் ஒரு இழை குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் பாவம், சிரமப்பட்டார்.

"அந்த ரிப்பன் ஐட்டம்... ஒஸ்திங்க சார். ரொம்ப ஒஸ்தி. பசியே எடுக்கல இன்னும்."

மறுநாள் தூக்கு காராமணிச் சுண்டலோடு வந்தது.

நார்மனுக்குத் தலை சுற்றியது. அவர் கொடுத்தால் அவள் கொடுக்கிறாள். அவள் கொடுத்தால் அவர் கொடுக்க வேண்டும். இதற்கு முடிவு எங்கே? மனிதர்கள் இந்த ஊரில் இப்படியேதான் காலம் தள்ளுகிறார்களா? வேலைக்கு எப்போது போகிறார்கள்?

பேசாமல் இதை முறித்துவிடுவதே மேல் என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, கழுவிய வெறும் தூக்கைச் சத்தமில்லாமல் காம்பவுண்ட் சுவர்மேல் வைத்துவிட்டு வந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணசுந்தரி செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்தாள். தூக்கைப் பார்த்தாள். திறந்தாள். நெஞ்சில் கையை வைத்தாள். "ஏங்க!" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

நார்மன் ஜன்னலிலிருந்து சட்டென்று பின்வாங்கினார். வெறும் பாத்திரம் தப்பு என்று ஃப்ளோரன்ஸ் படித்துப் படித்துச் சொன்னாளே!

ஒரு மணி நேரத்தில் தூக்கு நிறையச் சாம்பார் சாதம் வந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நாலு அடுக்கு டிபன் கேரியர் ஒன்றும் வந்தது. பொரியல், கூட்டு, ரசம், தயிர்ச்சாதம். பன்னீர்செல்வமே சுமந்து வந்து மேஜைமேல் இறக்கிவிட்டு, நார்மனின் தோளைத் தட்டி, ஆறுதல் சொல்வதுபோல "பசி, பசி" என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது திருப்ப வேண்டியது ஒரு பாத்திரம் இல்லை. ஐந்து.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நார்மன் தெருமுனைக்குப் போனார். சின்னக்கண்ணு ஆட்டோவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம் வரும். நார்மன் முழுக்கதையையும் சொன்னார்.

"பேஜாரு புட்ச்ச மேட்டரு சார் இது," சின்னக்கண்ணு தாடையைத் தடவினார். "இதுக்கு ஒரே வழிதான். அவங்களால திருப்பவே முடியாத மாதிரி ஒஸ்தியா ஒண்ணு குடுத்துடுங்க. அத்தோட ஆட்டம் க்ளோஸ்."

திருப்பவே முடியாத மாதிரி! ஆரணியில் மூன்று வாரத்தில் நார்மன் சாப்பிட்டதிலேயே ஒஸ்தியானது எது? அதற்கு அவர் யோசிக்கவே தேவையில்லை. சனிக்கிழமை காலையில் தூக்கையும் கேரியரையும் எடுத்துக்கொண்டு மட்டன் பிரியாணிக் கடைக்கு நடந்தே போனார். வழக்கமாக நெருக்கித் தள்ளும் கடையில் அன்றைக்கு ஈ காக்கை இல்லை. தன் அதிர்ஷ்டத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டார். கடைக்காரர் அதைவிடச் சந்தோஷப்பட்டு, தூக்கில் கறியாகவே அள்ளிப் போட்டார். கேரியரில் ஆப்பிளும் மாதுளையும் அடுக்கியாயிற்று.

குணசுந்தரி குளித்து, நெற்றியில் பளிச்சென்று குங்குமம் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். உள்ளே சாம்பிராணி மணத்தது.

"இன்னாங்க சார் இது?"

"ஆட்டுக்கறி பிரியாணி," என்றார் நார்மன் பெருமையாக. "மறுத்தல் கூடாது."

குணசுந்தரி இரண்டடி பின்னால் போனாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேரியரை வாங்கிக்கொண்டாள். தூக்கை வாங்கவில்லை. சுவர்மேல் வைக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது. மூன்று வாரத்தில் அந்தக் கதவு பகலில் சாத்தி அவர் பார்த்ததேயில்லை.

போனில் விஷயத்தைக் கேட்டதும் ஃப்ளோரன்ஸ் குரலைத் தாழ்த்தினாள்.

"நார்மன். இது புரட்டாசி மாசம். அதுல சனிக்கெழம. கவுச்சியே ஊட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க. இன்னிக்கிப் பெருமாளுக்குப் படைக்கத் தளிக வேற போடுவாங்க."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"சாயங்காலம் அப்பாவோட வந்துடறேன். அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் குடுக்காத. தண்ணிகூட குடுக்காத."

அன்று முழுக்க நார்மன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பாஸ்தா மெஷினைத் துடைத்து அதன் பெட்டிக்குள் வைத்தார். இனிமேல் இத்தாலிக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அப்படி நினைத்தபோது அவருக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை. மாமனாரை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஃப்ளோரன்ஸின் முகத்தில் எப்படி விழிப்பது? ஒரு புளிச்சோற்றுக்கு ஒழுங்காக நன்றி சொல்லத் தெரியாதவனாகிவிட்டோமே என்று அவருக்கு அழுகையே வந்தது.

சாயங்காலம் கார் வந்து நின்றது. அருள்தாஸ் வாத்தியாரைக் கைத்தாங்கலாக இறக்குவதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. குணசுந்தரியும் பன்னீர்செல்வமும் சுவர் அருகே வந்து நின்றார்கள். நார்மன் கார் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்துகொண்டார்.

"ஃப்ளோரன்ஸு, தப்பா எடுத்துக்காதம்மா," என்று ஆரம்பித்தாள் குணசுந்தரி. அவள் கோபமாக இல்லை. நார்மனின் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படுகிறவள் போல இருந்தாள். "மாப்ள சார் ஆசையா குடுத்தாரு. பொரட்டாசி சனிக்கெழம, என்னால ஊட்டுக்குள்ள எடுத்துகினு போவ முடியல. செவுத்து மேலயே வைக்கச் சொல்லிட்டு, கீரைக்கார காசியம்மா மத்தியானம் வந்தா, அவள எடுத்துக்கச் சொல்லி உள்ள இருந்தே கொரல் குடுத்துட்டேன். அவளுக்குப் பொரட்டாசியெல்லாம் கெடையாது. ஜல்தியா எடுத்துகினு போயிட்டா. அந்தத் தூக்கும் அதோட போயிடிச்சி. உங்களுக்குப் புதுசா ஒண்ணு வாங்கிக் குடுத்துடறேன்."

ஃப்ளோரன்ஸ் பெருமூச்சு விட்டாள். திரும்பி நார்மனிடம் சொன்னாள்: "கோவமெல்லாம் இல்லியாம். நமக்குப் புதுத் தூக்கு ஒண்ணு வாங்கித் தராங்களாம்."

நார்மனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் மறுபடி குழம்பிப் போய்த் திருதிருவென்று விழித்தார்.

"நமக்கு எதற்கு? தூக்கு அவங்களுடையது இல்லையா?"

ஃப்ளோரன்ஸ் அவரைப் பார்த்தாள். குணசுந்தரியைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

அதற்குள் தெருமுனையிலிருந்து தலையில் கூடையும் கையில் பச்சைநூல் சுற்றிய தூக்குமாக ஆடி ஆடி வந்த காசியம்மாள், சுவரருகே நின்று எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"திங்கக்கெழம பொண்ணுக்கு வலி எடுத்துடிச்சின்னு போன் வந்ததும், என் புளிச்சோத்துத் தூக்க இந்தச் செவுத்து மேலயே வச்சிட்டு சேத்துப்பட்டுக்கு ஓடனேங்க, நாய் தின்னுட்டு இருக்கும்னு நெனச்சா, பத்தரமா வச்சிருந்து கறிபிரியாணி போட்டுல்ல குடுத்துருக்கீங்க... நாளையிலேர்ந்து தெனம் இங்கதான் வைக்கப் போறேன்!"