பின்பக்கத்து ஸ்பீக்கர் இரண்டு

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. இது சத்தமாகச் சொல்லுகிற கதை இல்லை. அடுப்படியில் என் பெண்சாதி இராஜேஸ்வரி இருக்கிறாள். அவள் காது ரொம்பக் கூர்மை.

திலீபன் கட்டாருக்குப் போனதிலிருந்து எங்கள் மஹய்யாவ ஊர் வீட்டில் பேச்சுச் சத்தமே குறைந்துபோயிற்று. ஒரே பிள்ளை. போகாதே என்று சண்டை போட்டேன், போய்விட்டான். அவன் கட்டில் அப்படியே கிடக்கிறது. வெளியே மழை, உள்ளே ஈரம். நானும் அவளும் ஆளுக்கொரு கதிரையில், இறக்கி வைத்துவிட்டு மறந்துபோன மூட்டை மாதிரி.

போகுமுன் அவன் வாங்கி வைத்த ஹோம் தியேட்டர்தான் எனக்குத் துணை. டீவிக்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. கொஞ்ச நாளாக அதுவும் சரியில்லை. படத்தில் ஆட்கள் வாயை அசைக்கிறார்கள், வார்த்தை வந்து சேரவில்லை. ஃபோனுக்கும் அதே வியாதி. ஞாயிற்றுக்கிழமை திலீபன் பேசுவான். எனக்குக் கொசு அழுகிற மாதிரி இருக்கும். “இரு, அம்மாகிட்டக் கொடுக்கிறேன்” என்று கை மாற்றிவிடுவேன்.

“அப்பாவுக்கு இன்னும் கோவமான்னு கேட்டு அழுவுறான். ஒரு வார்த்தை பேசுனா என்னங்க?”

“லைன் சரியில்லடி.”

“எனக்கு மட்டும் எப்படிச் சரியா இருக்கு?”

“ஒங்கிட்ட பேச லைனுக்கே பயம்.”

“காதைக் காட்டப் போவோம், வாங்க.”

“எதுக்கு? கல்லுடைக்கிற மெஷினுக்குப் பக்கத்துல பாதி ஆயுசு நின்ன காது இது. இரும்பு!”

அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் அப்படி விட்டுக்கொடுத்தால் நான் பயப்பட வேண்டும். அன்றைக்குப் பார்த்து மறந்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை மாபெரும் தீர்மானம் ஒன்று போட்டேன். “சனிக்கிழமை டவுனுக்குப் போறேன். பின்பக்கத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர் வாங்குறேன். முன்னாலயும் சத்தம், பின்னாலயும் சத்தம். அப்பதான் பேச்சு வெளங்கும்!”

சண்டைக்கு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவளோ, “நல்ல விசயந்தானே. நானும் வர்றேன்” என்றாள். மறுநாள் வெள்ளி. கோயிலுக்கென்று போனாள். திரும்பி வந்தபோது நெற்றியில் திருநீறு இல்லை. இதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்? ஸ்பீக்கர் வைக்கப் பின்சுவரை அளந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை நாங்கள் போன முனாஸின் ஸ்பீக்கர் கடை, டவுனில் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். பையன் நல்லவன்.

“அண்ணே, கண்ட பெட்டியையும் பின்னுக்கு வெக்க ஏலாது. முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே குரல் இரிக்கணும். இல்லாட்டி படத்துல முன்னுக்கு லொறியாப் போறது, பின்னுக்கு ஆட்டோவா வரும்.”

ஒரு ஜோடியை மாட்டிப் பாட்டுப் போட்டான்.

“கூட்டு தம்பி,” என்றேன்.

கூட்டினான்.

“இன்னும் கொஞ்சம்.”

எதிர்ச் சாப்பாட்டுக்கடைக்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் எங்களைப் பார்த்தது.

“இன்னும் ஒரு சொட்டு.”

“ஏலாது அண்ணே, அலுமாரிக் கண்ணாடி போயிரும்!”

இராஜேஸ்வரி மெதுவாக வாயைத் திறந்தாள். கேட்டது முனாஸிடம், ஆனால் என் முகத்துக்கு நேரே, ஒவ்வொரு சொல்லாக. “தம்பி, செருப்புன்னா காலை அளக்குறாங்க. ஸ்பீக்கருன்னா காதை அளந்துதானே ஜோடி சேக்கணும்?”

முனாஸ் என்னைப் பார்க்காமல் வயரைச் சுருட்டினான். “ஓம் அக்கா. அளக்கிறதுதான் நல்லம்.”

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அவன் வழி சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நேரே அடுத்த தெருவுக்குப் போய், ஒரு மாடிப்படி ஏறினாள்.

மேலே ஒரு சின்ன ரூம். அடேயப்பா! சுவரெல்லாம் பஞ்சு. கதவு மீன் கடை ஐஸ் பெட்டி மூடி மாதிரிக் கனம். தியேட்டர் என்றால் இதுவல்லவா தியேட்டர்! வெள்ளைக் கோட்டுப் போட்ட சிங்களப் பிள்ளை ஒன்று, பெயர் துஷானி. எத்தனை வாட் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். சிரித்துக்கொண்டே காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்று சைகை காட்டினாள்.

ஒன்றுமே கேட்கவில்லை. அதற்காக விடுவதா? நல்ல ஜோடி கிடைக்க வேண்டுமே. அமுக்கினேன். இன்னும் வேகமாக அமுக்கினேன். துஷானி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். மெஷினை இன்னும் போடவே இல்லையாம்.

பிறகு ஒழுங்காக இருந்தேன். விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். எங்கள் வீட்டைவிட அங்கே அமைதி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இராஜேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஸ்பீக்கர் விலையைக் கேட்டு அழுகிறாள் என்று நினைத்தேன்.

சாமான் வர ஒரு வாரமானது. அவளே போய் எடுத்து வந்தாள். நான் ஏணியும் ஆணியுமாகப் பின்சுவரடியில் நின்றேன். அவள் கைப்பையைத் திறந்து, சோப்புப் பெட்டி அளவில் ஒரு டப்பாவை எடுத்தாள்.

“இதென்னடி? ஸ்பீக்கர் எங்க?”

“இதுதான். ரெண்டும் ஒரே குரல். பின்பக்கம் வெக்கிறது. எறங்குங்க.”

இறங்கினேன். என்ன ஏதென்று கேட்குமுன் பிடரியில் கையைக் கொடுத்து, இரண்டு காதுக்கும் பின்னால் ஒவ்வொன்றாகக் கொளுவிவிட்டாள். காது மெஷின்!

தகரத்தில் மழை தடதடவென்று விழுந்தது. அவள் வளையல் சத்தம் கேட்டது. அவள் மூச்சுக்கூடக் கேட்டது. இளைத்துப் போயிருந்தது அந்த மூச்சு.

“கழட்டுடி,” என்றேன். “கெழவன்னு எழுதி ஒட்டுன மாதிரி இருக்கு.”

அவள் கழட்டவில்லை. ஃபோனை எடுத்து, நம்பரை அழுத்தி, என் கையில் வைத்தாள். அந்தப் பக்கம் மணி போனது. பிறகு, பக்கத்துக் கதிரையில் இருந்து பேசுகிற மாதிரி, “அப்பாவா? அப்பா, நீங்களா?” என்றான் திலீபன். குரல் நடுங்குவதுகூடத் தெரிந்தது.

“இரு, அம்மாகிட்டக் கொடுக்கிறேன்” என்று திரும்பினேன்.

அவள் வெளியே போய், கதவைச் சாத்தி, கொண்டியையும் போட்டுவிட்டாள்.