மூப்பர் பௌலோவின் கடவுச்சொல்

சமோவா நாட்டின் சவாயி தீவில் இருபது வருடமாக இளைஞர் வேதபாட வகுப்பு நடத்திவந்த சபை மூப்பர் பௌலோ, ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுக்கொண்டே இணையத்தின் மீது போர் தொடுத்தார்.

"வகுப்புல நாலு பேர், லோசா. சபை மண்டப வாசல்ல வைஃபைக்கு உட்கார்ந்திருக்கிறது இருபத்தாறு பேர்! வகுப்பை மூடிடலாமான்னு போதகர் கேக்கறாரு. வயரையே பிடுங்கப் போறேன்!"

அவர் மனைவி லோசா இன்னொரு சேப்பங்கிழங்கைத் தட்டில் வைத்தாள்.

"பிடுங்கினா கடைப்பக்கம் போவாங்க. வாராவாரம் கடவுச்சொல்லை மாத்துங்க. வேதாகமத்துலேருந்து ஒரு கேள்வி. விடைதான் கடவுச்சொல்."

பௌலோ மென்றார். விழுங்கி முடிப்பதற்குள் அது அவருடைய யோசனையாகிவிட்டது.

"யாரும் யாருக்கும் விடை சொல்லக்கூடாது. என் கட்டளை! கேள்வியை மட்டும் நீ எழுதிடு. எனக்கு நேரமில்ல."

மூன்றே வாரத்தில் ஊரிலிருந்த வேதாகமங்கள் படாத பாடு பட்டன. பையன்கள் விடை தேடி வகுப்புக்கே வந்து லேவியராகமத்துக்காகக் கைகலந்தார்கள். போதகர் பௌலோவைக் கட்டித் தழுவினார்.

நாலாவது சனிக்கிழமை சமோவா அணிக்கு ரக்பி ஆட்டம். மண்டபத்து வைஃபை பௌலோவின் வீடுவரை எட்டும். போனை எடுத்துச் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த வாரக் கேள்வி: பவுல் போன கப்பல் உடைந்தபோது அதில் எத்தனை பேர்?

இருபது வருடத்தில் அவர் நடத்திய பாடங்கள் மொத்தம் இரண்டு. நோவா, யோனா.

"லோசா, இந்த வார விடை என்ன?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். உனக்குத் தெரியுமான்னு பார்க்கறேன். எட்டு பேர்தானே?"

"அது நோவாவோட பேழைங்க."

"அப்போ ஒருத்தர்."

"அது யோனா. கப்பல்ல இல்ல, மீனுக்குள்ள."

"சொல்லேன்டி!"

"கட்டளை இருக்குங்களே. உங்க பேர்காரரோட கப்பல்தான். கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

பக்கத்து மண்டபத்தில் முப்பது பேரும் சேர்ந்து கூச்சலிட்டார்கள். பௌலோ ரோமரில் தேடினார். கொரிந்தியரில் தேடினார். கடைசியில் அப்போஸ்தலர் இருபத்தேழாம் அதிகாரத்தில் கப்பல் அகப்பட்டது. இருநூற்று எழுபத்தாறு பேர். எண்ணை அடித்தார். படம் வந்தது. ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ஆராதனையில் போதகர் எழுந்தார். "வகுப்பு நிரம்பி வழியுது. போன மாசமே நானும் லோசாவும் பேசினபடி, இனிமே ஆசிரியை அவங்கதான்!"

பௌலோ மனைவி பக்கம் குனிந்தார். "அப்போ நான்?"

லோசா பாட்டுப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"முதல் வரிசையில இடம் போட்டு வெச்சிருக்கேன். நோட்டு கொண்டு வந்துடுங்க."