கலியமூர்த்திக்குத் தெரிந்த ஹிந்தி

ஆவடி குவார்ட்டர்ஸில் கலியமூர்த்தி குடியிருந்த வரிசையில் ஹிந்தி தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்று மறுக்க இன்னொரு ஹிந்தி தெரிந்த ஆள் வேண்டும். அது இல்லாததால் பட்டம் அவரிடமே நிலைத்துவிட்டது. எதிர்வீட்டு ஜமீலா வீட்டில் பேசுகிறார்களே, அது என்ன என்று யாராவது கேட்டால், "அது உருது. வேற சப்ஜெக்ட்" என்று ஒதுக்கிவிடுவார்.

ஃபேக்டரியில் அவருக்கு வெல்டிங் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் பயிற்சிக்காகக் கான்பூருக்கு அனுப்பியிருந்தார்கள். பகலெல்லாம் தீப்பொறி, சாயங்காலமெல்லாம் சினிமாக் கொட்டகை. திரும்பி வந்தபோது வெல்டிங் ஓரளவு வந்திருந்தது. ஹிந்தி வரவில்லை. ஆனால் ஹிந்திப் படம் வந்துவிட்டது. உடம்பெல்லாம் பரவிவிட்டது.

ஹிந்திப் படம் பார்க்க ஹிந்தி எதற்கு என்பது அவர் கட்சி. அம்மா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தால் அப்பா செத்துவிட்டார். அம்மா இருமினால் அவளும் கிளம்பப் போகிறாள். அண்ணன் தம்பி கையைக் கோத்துக்கொண்டு பொருட்காட்சிக்குப் போனால் ஒருத்தன் போலீஸ், ஒருத்தன் திருடன். பணக்காரன் என்றால் பட்டு கவுனும் வாயில் பைப்புமாக மாடிப்படியில் இறங்க வேண்டும். இத்தனை படம் பார்த்தும் அவருக்கு விளங்காத விஷயம் ஒன்றுண்டு. அவ்வளவு பெரிய வீட்டில் கீழே ஒரு ரூம்கூட இல்லாமலா எல்லாரும் மாடியிலிருந்தே இறங்குகிறார்கள்? இந்தச் சந்தேகத்தை யாரிடமும் கேட்கவும் முடியாது. பண்டிதருக்குச் சந்தேகம் வரலாமா?

வரிசைக்கு ஒரே டி.வி.யும் அவர் வீட்டில்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஹிந்திப் படம் போட்டால் கூடம் நிறைந்துவிடும். பட்டாபிராமிலிருந்து அதே ஃபேக்டரிக்கு வேலைக்கு வரும் சின்னப்பையன் என்பவன், ரயில் போய்விட்டது என்று பொய் சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வான். ஜமீலா கதவோரம். கலியமூர்த்தி டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வரிக்கு வரி அர்த்தம் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை கதாநாயகி மாடிப்படியின் உச்சியில் நின்றுகொண்டு "நஹீ...!" என்று அலறினாள்.

"இன்னா அண்ணாத்தே சொல்றா?" என்றான் சின்னப்பையன்.

"நகையே வேணாங்கறா."

அவர் மனைவி பார்வதம் சமையலறை வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நகை வேணாம்னு எந்தப் பொம்பளையாவது இப்படித் தொண்டை கிழியக் கத்துவாளா?"

"வேணும்னுதான் உங்க ஊர்ல கத்துவீங்க. வேணாம்னு கத்தறது வடநாட்டுப் பண்பாடு."

அடுத்து கதாநாயகி புருஷனைப் பார்த்து விரலை ஆட்டி ஆட்டிப் பொரிந்து தள்ளினாள். கலியமூர்த்தியின் அக்கா ஒரு மாசம் வந்து தங்கப்போவதாக அந்த வாரம்தான் கடிதம் வந்திருந்தது.

"இப்ப இன்னா?"

"உங்க அக்கா வரட்டும். ஒரு மாசம் என்ன, ஆறு மாசம் இருக்கட்டும். நான் முகம் சுளிக்காம வடிச்சுக் கொட்டறேன்கறா."

"அவ அந்த ஆளை முறைக்கிறாளே?" என்றாள் பார்வதம்.

"பாசம் முத்திப்போச்சுன்னா மூஞ்சி அப்படித்தான் ஆயிடும்."

கதவோரத்தில் ஜமீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். கலியமூர்த்திக்கே நெஞ்சு இளகிவிட்டது. பாவம், எவ்வளவு மென்மையான மனசு!

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது பார்வதம் ஒரு நாள் பேச்சை ஆரம்பித்தாள். "ஏங்க, லேடீஸ் கிளப்புல நடத்தறாங்களே பாலர் பள்ளி, அதுக்கு டீச்சர் தேடறாங்களாம். காலையில போனா மத்தியானம் வந்துடலாம். நான் போகட்டுமா?"

கூடாது என்று நேரடியாகச் சொல்லும் தைரியம் கலியமூர்த்திக்கு இல்லை. அவள் வேலைக்குப் போனால் காலை டிபன் யார் செய்வது என்ற பயம் மட்டும் நிறைய இருந்தது. "சனிக்கிழமை வரைக்கும் பொறு" என்றார்.

அந்த வாரப் படத்தில் கதாநாயகி ஆபீசுக்குப் போகிறவள். கலியமூர்த்திக்கு ஆண்டவனே ஸ்டூலை இழுத்துப் போட்டது மாதிரி இருந்தது. கடைசிக் காட்சியில் ஒரு மேடையில் அவள் மைக்கைப் பிடித்துப் பேசினாள்.

"கேட்டுக்க பார்வதம். வேலைக்குப் போனதுதான் நான் செஞ்ச தப்பு, அடுப்படிதான் எனக்குச் சொர்க்கம்னு அழறா."

"சிரிக்கிறாளே?"

"ஆனந்தக் கண்ணீர். உள்ளுக்குள்ள வடியுது."

"தப்பு செஞ்சவளுக்கு எதுக்கு மாலை போடறாங்க? கையை வேற தட்டறாங்க."

"தப்பை ஒத்துக்கிட்டா அங்கே மாலை போட்டுத்தான் மன்னிப்பாங்க."

பார்வதம் அவரையும் டி.வி.யையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கதவோரம் குலுங்கிக்கொண்டிருந்த ஜமீலாவைப் பார்த்தாள். அதற்கப்புறம் வேலைப் பேச்சையே எடுக்கவில்லை. மத்தியானத்தில் மட்டும் கறிவேப்பிலை வாங்க எதிர்வீட்டுக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தாள். பிரியாணி கற்றுக்கொள்கிறாள் போலிருக்கிறது என்று கலியமூர்த்தி மாதக்கணக்கில் நாக்கில் எச்சில் ஊறக் காத்திருந்தார். பிரியாணி வரவில்லை.

வந்தது சக்சேனா. ஃபேக்டரிக்குப் புதிதாக வந்த ஒர்க்ஸ் மேனேஜர். ஹிந்தி பேச ஆளில்லாமல் நாக்கு உலர்ந்து போயிருந்த மனுஷர். வெல்டிங் செக்சனில் ஒரு பண்டிதர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

கலியமூர்த்தி உள்ளே போனதும் சக்சேனா எழுந்து வந்து அவர் தோளில் கையைப் போட்டார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நிதானமாக, உருக்கமாக, நீளமாக ஹிந்தியில் பேசினார். கலியமூர்த்தி மளமளவென்று யோசித்தார். பெரிய மனுஷன் ஒரு தொழிலாளியின் தோளில் கை போட்டு ஜன்னலைப் பார்த்தால் படத்தில் இரண்டே அர்த்தம். 'நீ என் மகன் மாதிரி' அல்லது 'என் மகளை மறந்துவிடு.' சக்சேனாவுக்கு மகள் கிடையாது. ஆகவே முதலாவதுதான்.

"ஜீ ஹாங், ஸாப்" என்றார். படத்தில் வேலைக்காரர்கள் ஆமாம் போடுவது அப்படித்தான்.

சக்சேனாவின் புருவம் உயர்ந்தது. மறுபடி ஏதோ கேட்டார்.

"ஜீ ஹாங், ஸாப்! பகவான் கஸம்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார் கலியமூர்த்தி. சக்சேனா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சின்னப்பையன் ஓடி வந்தான்.

"இன்னா அண்ணாத்தே, ஜபல்பூர் போறியாமே!"

"யாரு?"

"நீதான்! அங்க இருக்கிற ஃபேக்டரிக்கு ஒரு வெல்டரு வோணுமாம். அல்லாரும் முடியாதுன்னு ஓடிட்டானுங்க. நீ மட்டும் சாமி மேல சத்தியம் பண்ணி ஒத்துகினியாம். செக்சன் பூரா அதான் பேச்சா கீது."

கலியமூர்த்தி டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளைக்குடா?"

"நாளா? ரிட்டயர் ஆவற வரிக்கும்னு சொல்லிகிறாங்க."

கலியமூர்த்தி வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. விஷயத்தைக் கேட்டுவிட்டு பார்வதம் நிதானமாகச் சொன்னாள்:

"வேணாம்னு ஹிந்தியிலயே சொல்லிட வேண்டியதுதானே? உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா அவர் பேசற ஹிந்தி ஒரு மாதிரி கலப்படமா இருக்கு. நமக்குப் படத்துல வர்ற சுத்தமான ஹிந்திதான்."

"சரி, ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுக்கே போயிடலாம். நானும் வரேன்."

"நீ எதுக்கு? உனக்கு அங்க ஒண்ணும் புரியாதே."

"சும்மா துணைக்கு."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கலியமூர்த்தி ஒரு வசனம் தயாரித்தார். விருத்தாசலத்தில் இருக்கும் அம்மாவுக்கு ரத்தசோகை. அதை வைத்துக் கலங்க அடித்துவிடலாம். தெரிந்த வார்த்தைகளை எல்லாம் திரட்டினார். மா என்றால் அம்மா. கூன் என்றால் ரத்தம். மர் என்றால் சாவு. அம்மா, ரத்தமில்லை, விட்டுவிட்டுப் போனால் செத்துவிடுவாள். போதாதா?

சக்சேனா வீட்டுச் சோபாவில் சக்சேனாவும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கலியமூர்த்தி கையைக் கூப்பினார். உதட்டைத் துடிக்க விட்டார். கான்பூர்க் கொட்டகைகளை மனதில் நினைத்துக்கொண்டு முழங்கினார்:

"ஸாப்! மேரி மா! கூன்! கூன்! மர் கயி!"

ரத்தத்துக்கும் கொலைக்கும் அந்த மொழியில் ஒரே சொல்தான். அது அவருக்குத் தெரியாது. தன் தாயை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று ஓர் ஆள் வீடு தேடி வந்து கதறினால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அந்தம்மா "ஹாய் ராம்!" என்று எழுந்துவிட்டாள். சக்சேனா டெலிபோனை எடுத்துப் போலீசுக்குச் சுற்ற ஆரம்பித்தார். வசனம் இவ்வளவு வேலை செய்ததைக் கண்டு கலியமூர்த்தி உற்சாகமாகி இன்னொரு "கூன்!" போட்டார்.

அப்போது பார்வதம் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து ஹிந்தி வந்தது.

ஒன்றிரண்டு வார்த்தையல்ல. குழாயைத் திறந்துவிட்டது போல வந்தது. சக்சேனா டெலிபோனை வைத்தார். கலியமூர்த்திக்குத் தன் காது மேலேயே நம்பிக்கை போய்விட்டது. கட்டின மனைவி கண்ணெதிரில் பேசுகிறாள், ஓர் எழுத்துகூடப் புரியவில்லை. அர்த்தம் சொல்லப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை.

பார்வதம் அவரைக் காட்டினாள். வாயைக் காட்டினாள். கையை விரித்தாள். சக்சேனா அவர் பக்கம் திரும்பி ஏதோ கேட்டார். கலியமூர்த்தி விடுவாரா? "ஜீ ஹாங்!" என்றார். சக்சேனா தம்பதி விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்ல அறிகுறி என்று அவரும் சேர்ந்து சிரித்தார். பார்வதம் மேலும் பேசினாள். ஒரு 'நஹி' வந்தது. நகையைப் பற்றி இங்கே என்ன பேச்சு என்று அவர் குழம்பினார். அந்தம்மா பார்வதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். "ஜீ ஹாங்!" மறுபடி ஒரு கேள்வி. "ஜீ ஹாங்! பகவான் கஸம்!" மறுபடி சிரிப்பு. கடைசியில் சக்சேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓகே மிஸ்டர் கலியமூர்த்தி. நோ ஜபல்பூர்!" என்று இங்கிலீஷில் சொல்லி வாயில் லட்டைத் திணித்தார்.

தலை தப்பிவிட்டது. ஆனால் எதனால் தப்பியது? திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்கு மண்டை குடைந்தது.

"நீ எப்ப ஹிந்தி கத்துக்கிட்டே?"

"ஜமீலாகிட்ட. நீங்க படத்துக்கு அர்த்தம் சொல்லிச் சொல்லி எனக்கும் ஆசை வந்துடுச்சு."

"அது உருதுவாச்சே!"

"ஆமாங்க. வேற சப்ஜெக்ட்."

கிண்டலா, நிஜமா? முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. கலியமூர்த்தி வேறு பக்கமாக வந்தார். "நல்லாவே பேசினே. நடுவுல ஒண்ணு சொன்னியே, அதுதான் டாப்பு."

"எதுங்க?"

"அதுதான்... அவங்க சிரிச்சாங்களே."

"நீங்களும்தானே சிரிச்சீங்க? அப்ப உங்களுக்குத் தெரியாததா?"

என்ன சொன்னாய் என்று கேட்டால் ஹிந்தி தெரியாது என்று ஆகிவிடும். கேட்காவிட்டால் தூக்கம் வராது. மறுநாள் ஃபேக்டரியில் சக்சேனா அவரைத் தாண்டிப் போகும்போது, "ஜீ ஹாங்?" என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். குழப்பம் இரட்டிப்பாயிற்று. ஒருவேளை தன்னைப் பைத்தியம் என்று சொல்லியிருப்பாளோ? கடைசியில் கேட்ட இரண்டு கேள்விகள் என்ன?

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் கலியமூர்த்தி பல் தேய்த்துவிட்டு வந்தபோது அடுப்பு பற்றவைக்கவில்லை. பார்வதம் இஸ்திரி போட்ட புடவையும் தோளில் கைப்பையுமாக நின்றாள்.

"எங்கே கிளம்பிட்டே?"

"பாலர் பள்ளிக்கு. இன்னிக்குத்தான் சேர்றேன். சக்சேனா சாரோட சம்சாரம்தான் அதுக்குத் தலைவி. ரெண்டு பாஷையும் தெரிஞ்ச டீச்சர் கிடைச்சுட்டான்னு அந்தம்மாவுக்கு ஒரே சந்தோஷம்."

"என்னைக் கேக்காமலா?"

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? அந்தம்மா உங்களைத்தானே கேட்டாங்க, இவளை வேலைக்கு அனுப்ப உங்களுக்குச் சம்மதமான்னு. 'ஜீ ஹாங்'னீங்க."

"அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்களே?"

"காலை டிபனை நீங்க பாத்துப்பீங்களான்னு கேட்டாங்க. அதுக்குத்தான் சத்தியமே பண்ணீங்க. மாவு கிண்ணத்துல இருக்கு. தோசைக்கல்லு நல்லா காய்ஞ்சப்புறம் ஊத்துங்க."

கலியமூர்த்தி அடுப்பைப் பார்த்தார். மாவைப் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பட்டத்தைக் கழற்றி வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அக்கம்பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, தழுதழுக்கச் சொன்னார்:

"பார்வதம், உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு ஹிந்தி சுத்தமா தெரியாதுடி."

பார்வதம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அதைச் சொல்லித்தாங்க ஜபல்பூரையே நிறுத்தினேன். நிஜமாவான்னு சார் உங்களைக் கேட்டப்போ, நீங்கதான் பெருமையா 'ஜீ ஹாங்'னு ஒத்துக்கிட்டீங்க."