மைக்செட்டுக்காரர் பின்னாலிருந்து ஓடவிட்ட பாட்டு

கொல்லிமலையில் தன் சாவுக்கு வந்தவர்களுக்குத் தானே டீ போட்டுக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு மைக்செட்டுக்காரர்.

அவருடைய ஒரே மகள் கிடாரைத் தூக்கிக்கொண்டு, ராக் பாட்டுப் பாடப்போகிறேன் என்று பெங்களூர் கிளம்பினாள். "போனா திரும்பி வராதே" என்றார். அந்தப் பிள்ளை அப்பன் பேச்சைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். போன் போட்டாலும் எடுப்பதில்லை. அவள் பாட்டு மட்டும் செல்போனில் வரும்.

வாசலூர்பட்டியில் படகு ஏற வந்த டூரிஸ்ட் பையன் ஒருவன், ராக் பாட்டுக்காரர்கள் சேதியைத் தலைகீழாக ஒளித்து வைப்பார்கள், பாட்டைப் பின்னாலிருந்து ஓடவிட்டால் கேட்கும் என்று இவரிடம் சொல்லி, செல்போனில் அதற்கு வழியும் செய்து கொடுத்துவிட்டு மலையிறங்கிப் போய்விட்டான். மாட்டிக்கொண்டது நாங்கள்.

"நல்லாக் கேளுங்கக்கா. 'அப்பா, வாரேன்'னு வரும்" என்பார் என்னிடம்.

அஞ்சாவதோடு நின்ற எனக்கு இங்கிலீஷ் பாட்டு நேராக ஓடினாலே விளங்காது. இது குடத்துக்குள் தலையை விட்ட நாய் அழுவதுபோல இருந்தது. மரவள்ளிக் காட்டுக்குப் பன்றி வருவது நின்றுபோனது ஒன்றுதான் லாபம்.

ஒருநாள் ஊரே கேட்கட்டும் என்று சில்வர் ஓக் மரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி அலறவிட்டார். கல்யாணமோ கோயில் நோம்பியோ இல்லாத நாளில் குழாய் அழுதால் எங்கள் பக்கம் அது சாவு. கோடித் துணியோடு ஊர் திரண்டுவிட்டது. யாரோ போனில் சொல்லி, முள்ளுக்குறிச்சியிலிருந்து அவர் மச்சினன் மாலையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"ஏனுங்க மாமா, நீங்க போயிட்டீங்கன்னாங்க?"

"போகல மாப்ளே. புள்ள பேசுறா, உக்காந்து கேளு."

கொண்டுவந்த மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மச்சினன் அதை ஆம்ப்ளிஃபயருக்குப் போட்டார்.

டீ கொடுத்துக்கொண்டே மைக்செட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். "கேட்டுதுங்களா?"

"கேட்டுதுங்க" என்றார்கள் எல்லாரும்.

என்னிடம் வந்தார். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சே வராது. அன்றைக்கு வந்துவிட்டது. "இல்லீங்க."

பக்கத்தில் மைக் ஆனில் இருந்தது. மலை முழுக்க ஒருமுறை "இல்லீங்க" என்று சொல்லி ஓய்ந்தது.

அவர் மரமேறிக் குழாயை அவிழ்த்தார்.

இனி என் முகத்தில் விழிக்கமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே செல்போனோடு வந்து நின்றார்.

"எல்லாரும் என்னைத் தேத்துறாங்கக்கா. நீங்க கேக்குதுன்னு சொல்ற அன்னிக்கு நம்புறேன்."

அப்போது தொடங்கியது, இன்னும் வருகிறார். மகள்தான் வரவில்லை. நேராக ஒரு போன் போட அவளுக்கு மனசு இறங்கவில்லை. இனி இறங்கும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

நேற்றும் வந்தார். மிளகு காயும் பாயோரம் குந்தி, ஓடவிட்டார்.

"கேக்குதுங்களா?"

"இல்லீங்க சாமி."

செல்போனை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் வரும் ரோட்டையே பார்த்தார்.

"இன்னொருக்கா போடுங்க" என்றேன். மிளகை அப்படியே விட்டுவிட்டு, நன்றாகக் கேட்கும் காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.