தோய்க்கும் அறையில் அவசரநிலை

"இந்தக் கட்டடத்துக்குள்ள எனக்கொரு எதிரி இருக்கிறான்," என்று கைபேசியை மேசையில் வைத்தார் குலேந்திரன்.

"ஆரது?" குளியலறைக்குள்ளிருந்து மனைவி சிவமலர் கேட்டாள்.

"நிர்வாகம் பேர் சொல்லுதில்லை. இஞ்ச குடியிருக்கிற ஒரு வீட்டுக்காரர் பிரேரணை குடுத்திருக்கினமாம். என்ர அவசர அதிகாரத்துக்கு எல்லை வைக்க வேணுமாம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டம்."

சுவிஸின் டீட்டிகோன் நகரில் அந்தக் கட்டடத்தைப் பராமரிப்பவர் குலேந்திரன். பகலில் ஆசுபத்திரிச் சமையலறையில் அவரை ஏவாத ஆளில்லை. பின்னேரம் இங்கே படி கூட்டுவார். இரண்டாயிரத்து இருபதில் கொரோனா வந்து, தலைநகர் பேர்ணில் அரசாங்கமே அவசர அதிகாரத்தில் ஆளத் தொடங்க, கட்டட நிர்வாகமும் இவரிடம் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. நிலக்கீழ் அறையில் இருப்பது ஒரேயொரு உடுப்புத் தோய்க்கும் இயந்திரம். வீட்டுக்கு ஒரு நாள். ஞாயிறு ஒருவரும் அதைத் தொடக்கூடாது. அவசரமென்றால் அந்த நாளை அவரே மாற்றிக் கொடுக்கலாம்.

பிறகென்ன, "அண்ணை, ஒருக்கா மட்டும்" என்று ஆள்கள் வாசலில் வந்து நின்றார்கள். மனிசனுக்கு அது நன்றாகவே பிடித்துப்போனது. இலையுதிர்காலத்தில் பாராளுமன்றம் அரசாங்கத்தின் அதிகாரத்துக்குச் சட்டம் போட்டு எல்லை வைத்தபோது, "கேள்வி கேக்க ஆள் வேணும்தானே" என்று தொலைக்காட்சிக்கு முன்னால் தலையாட்டியவரும் இவர்தான். இப்போது தன் கதிரை ஆடுகிறது என்றதும் சோறு இறங்கவில்லை.

முதலில் மூன்றாம் மாடி நித்தியானந்தன் மேல் சந்தேகம் வந்தது. அவனுடைய செவ்வாயைப் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுத்திருந்தார். அவன் வாக்கைப் பிடிக்க மேலே ஏறினார்.

"தம்பி, இனி புதன் உனக்கு."

"அண்ணை, புதன் ஹுன்சிக்கர் அம்மான்ரயெல்லோ?"

"அவசரநிலை. நான் பாத்துக்கொள்ளுறன்."

ஹுன்சிக்கர் அம்மா அந்தக் கட்டடத்தில் குடிவந்த நாள்முதல் புதன்தான் தோய்ப்பவர். மறுநாள் படியில் கண்டு வணக்கம் சொல்லாமல் போனார். சுவிஸ்காரர் வணக்கம் சொல்லாமல் போனால் அது போர்ப்பிரகடனம். குலேந்திரன் ஓடிப்போய் அவருக்கு வியாழனைக் கொடுத்தார்.

வியாழன் இராஜேஸ்வரி அக்காவுடையது.

"தம்பி, லண்டனிலயிருந்து சனம் வந்து நிக்குது. போர்வை, விரிப்பு எல்லாம் மலைபோலக் கிடக்கு. நான் என்ன செய்யிறது?" என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார் அக்கா.

"கோவிக்காதையுங்கோ அக்கா. சனிக்கிழமை எடுங்கோ."

சனிக்கிழமை நல்ல பிள்ளை. யாருக்குக் கொடுத்தாலும் அதைக் கேட்டு ஒருவரும் சண்டைக்கு வந்ததில்லை.

ஆனால் அக்கா அதற்கும் நன்றி சொல்லவில்லை. "நீர் நினைச்சபடி ஆட்டுறதுக்கு நாங்கள் என்ன பொம்மையளோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். நித்தியானந்தனும் புதனில் தனக்கு வேலை என்று முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். சமாதானப்படுத்தப் போன இடமெல்லாம் நெருப்பு வைத்துவிட்டு வந்திருக்கிறோம் என்பது குலேந்திரனுக்கு விளங்கியது.

"எல்லாரும் எனக்கு எதிராப் போட்டாங்களெண்டால், சிவமலர், பிறகு ஆர் என்னை அண்ணையெண்டு மதிக்கப்போகினம்? ஆசுபத்திரியிலயும் எடுபிடி, இஞ்சயும் எடுபிடியோ?" குலேந்திரன் சோற்றைத் தள்ளிவைத்தார்.

அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள். "சாப்பிடுங்கோ முதல்," என்றாள்.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் கதிரைகளை விலத்தி விலத்திப் போட்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் மாஸ்க். எதிரியின் சிரிப்பைக்கூடப் பிடிக்க வழியில்லை. குலேந்திரன் வாக்குகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். நிச்சயமாகத் தனக்கு விழக்கூடியவை இரண்டு, தன்னுடையதும் மனைவியுடையதும்.

நிர்வாகத்திலிருந்து வந்த பெண் பிரேரணையை வாசித்தாள். மாற்றிய நாள் ஒரு வாரத்துக்கு மட்டுமே செல்லும். அதற்குமேல் நீடிக்க எல்லோரும் கூடி வாக்களிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட வீட்டாரைக் கேட்காமல் ஒரு வீட்டின் நாளை எடுக்கக் கூடாது.

"வாக்கெடுப்புக்கு முதல், பிரேரணை கொண்டுவந்தவர் எழும்பிக் காரணத்தைச் சொல்லலாம்."

குலேந்திரன் நித்தியானந்தனைப் பார்த்தார். அவன் அசையவில்லை. இராஜேஸ்வரி அக்காவைப் பார்த்தார். ஹுன்சிக்கர் அம்மாவைப் பார்த்தார். அவர்களோ இவருக்குப் பக்கத்துக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் குடுத்தனான்," என்று எழும்பினாள் சிவமலர். "எங்கட சனிக்கிழமையை இவர் ஊருக்கெல்லாம் குடுத்துப்போட்டார், ஆறு மாசமா இவற்ற உடுப்பைக் குளிக்கிற தொட்டிக்குள்ள போட்டுத் தோய்க்கிறது நான்."